ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி பூட் டிரைவ் சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. பெரியப்பா மகன் அங்கே செக்கிங், அயர்னிங் யூனிட் நடத்துகிறார். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து ஃபோன். "ஏங்கண்ணு, பொட்டி ஆன் ஆவுது, விண்டோஸ் வரமாட்டேங்குது. கறுப்புத் திரையில என்னமோ இங்கிலீஷ்ல நிக்குது. புதுசுதானே போட்டோம்?" ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நானே எஸ்எஸ்டி (சுற்றும் தகடு இல்லாமல் சிப்பில் தரவைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. "வந்து பாத்துட்டு சொல்றேனுங்ணா" என்று கிளம்பினேன்.

திறந்து பார்த்தால் எஸ்எஸ்டிக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்த பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு செத்துப்போயிருந்தது. அதில் இருந்தது பழைய போட்டோக்களும் கழித்துவிட்ட டிசைன் ஃபைல்களும்தான். ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது: விண்டோஸைத் துவக்கி வைக்கும் பூட் லோடர். விண்டோஸ் முழுவதும் எஸ்எஸ்டியில், அதைத் திறக்கும் சாவி மட்டும் பழைய டிஸ்க்கில். நான் அன்று விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க்குகளைக் கழற்றாமல் விட்டிருந்தேன். அதனால் வந்தது. சரி செய்து முடிக்க மாலை நான்கு மணி ஆனது. அன்றைய சம்பளக் கணக்கை நோட்டில் எழுதித்தான் போட்டார்கள்.

இந்த வழிகாட்டியில் படிகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது: எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றும் நேரத்தில் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி மட்டுமே இணைந்திருக்க வேண்டும். மற்ற டிஸ்க்குகளின் கேபிளைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். வேலை முடிந்தபின் திரும்ப மாட்டலாம்.

எதனால் இவ்வளவு வேகம்

ஹார்ட் டிஸ்க்குக்குள் தகடு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். தேவையான இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசி சரியான வட்டத்துக்கு நகர இன்னொரு 8, 9 மில்லி செகண்ட். ஆக, சிதறிக் கிடக்கும் சின்ன ஃபைல்களை எடுக்கச் சொன்னால் செகண்டுக்கு 80 முறைக்குள்தான் அதனால் முடியும். விண்டோஸ் துவங்கும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா கேபிளில் மாட்டும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி கூட செகண்டுக்குப் பல்லாயிரம் முறை எடுத்துக் கொடுக்கும்.

பெரிய சினிமா ஃபைலைக் காப்பி செய்யும்போது ஹார்ட் டிஸ்க் அவ்வளவு மோசமில்லை. செகண்டுக்கு 100 முதல் 200 எம்பி வரை வரும். அதனால்தான் இந்த ஏற்பாடு பொருந்துகிறது: விண்டோஸும் மென்பொருள்களும் எஸ்எஸ்டியில், போட்டோ, வீடியோ, பழைய வருடக் கணக்குகள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில்.

வாங்குவதற்கு முன் போர்டைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் மதர்போர்டு எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் பேஸ்போர்டு என்ற வரியில் பெயர் இருக்கும். அதே பக்கத்தில் பயாஸ் மோட் என்ற வரியில் யூஇஎஃப்ஐ (கம்ப்யூட்டர் துவங்கும் புதிய முறை) என்று இருக்கிறதா, லெகசி (பழைய முறை) என்று இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பென்டிரைவிலிருந்து விண்டோஸ் ஏற்றும்போது வேண்டும்.

நம் பக்கத்து ஆபீஸ்களிலும் டிடிபி சென்டர்களிலும் இன்னும் ஓடும் பழைய போர்டுகளில் எச்61, எச்81 என்ற இன்டெல் வகைகள் இரண்டும் நிறைய. எச்61இன் சாட்டா போர்ட்கள் எல்லாமே பழைய 3 ஜிகாபிட் வேகம். எச்81இல் நான்கில் இரண்டு மட்டும் 6 ஜிகாபிட். எஸ்எஸ்டியை அந்த வேகமான போர்ட்டில்தான் மாட்ட வேண்டும். எது வேகமானது என்று போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், அல்லது நிறத்தை மாற்றி வைத்திருப்பார்கள். எச்61 வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். செகண்டுக்கு 550 எம்பி கொடுக்க வேண்டிய எஸ்எஸ்டி அங்கே 280 எம்பி அளவுக்குத்தான் கொடுக்கும், ஆனால் தினசரி வேலையில் உணரும் வேகம் சின்ன ஃபைல்களால் வருவது. அது அங்கேயும் கிடைக்கும்.

புதிய போர்டு என்றால் எம்.2 என்ற சின்ன ஸ்லாட் இருக்கும். அதில் மாட்டுவது சூயிங்கம் துண்டு போல 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளமுள்ள பட்டை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பார்க்க ஒன்று போலிருந்தாலும் எம்.2 பட்டையில் இரண்டு ஜாதி: சாட்டா ஒன்று, அதைவிட வேகமான என்விஎம்இ ஒன்று. சில ஸ்லாட்கள் ஒன்றை மட்டுமே ஏற்கும். போர்டின் கையேட்டில் எது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்னொரு விஷயம், சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் பட்டை மாட்டினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் தானாக அணைந்துவிடும். பழைய டிஸ்க் காணவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள், வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

எவ்வளவு கொள்ளளவு? கணக்கு, பில்லிங், இணையம் மட்டும் என்றால் 256 ஜிபி போதும். வீட்டில் பிள்ளைகள் விளையாட்டும் ஏற்றுவார்கள், வீடியோ எடிட்டிங்கும் உண்டு என்றால் 500 ஜிபி. அதற்குக் கீழே 120 ஜிபி வாங்கவே வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டுகளே அதைத் தின்றுவிடும். எஸ்எஸ்டி நிரம்பினால் வேகம் குறையும், எப்போதும் 15 முதல் 20 சதவீதம் காலியாக இருக்கட்டும்.

எழுதித் தேய்ந்துவிடுமே என்று சிலர் பயப்படுவார்கள். எஸ்எஸ்டியில் மொத்தம் எத்தனை டிபி (ஒரு டிபி 1000 ஜிபி) எழுதலாம் என்ற தாங்கு அளவை டிபிடபிள்யூ என்று போடுவார்கள். உதாரணமாக சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு அது 300 டிபி, உத்தரவாதம் 5 வருடம். தினமும் 20 ஜிபி எழுதினாலும் 300 டிபியைத் தொட நாற்பது வருடம் ஆகும். தேய்மானத்தைவிட எனக்குப் பெரிய பயம் போலிச் சரக்கு. சந்தை விலையில் பாதிக்கு 1 டிபி கிடைக்கிறது என்றால் வாங்காதீர்கள். கோவை காந்திபுரத்தில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கையில் இருக்கட்டும்.

சாட்டா எஸ்எஸ்டி வாங்கினால் கூடவே ஒரு சாட்டா டேட்டா கேபிளும், 2.5 இன்ச்சை 3.5 இன்ச் இடத்தில் பொருத்தும் பிராக்கெட்டும் கேட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டி பெட்டிக்குள் பெரும்பாலும் கேபிள் இருக்காது. பவர் சப்ளையில் சாட்டா முனை மிச்சமில்லை என்றால் பழைய நான்கு பின் முனையிலிருந்து மாற்றிக் கொடுக்கும் கேபிள் கிடைக்கும். முனை முழுக்க ஒரே பிளாஸ்டிக்காக உருக்கி வார்த்த வகையைத் தவிருங்கள். உள்ளே கம்பி ஒன்றோடொன்று பட்டு எரிந்துபோவது அந்த வகையில்தான். கம்பிகளைத் தனித்தனியாகச் செருகிய முனையாகப் பாருங்கள்.

விண்டோஸ் எது

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், பிராசசர் இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். எச்61, எச்81 போர்டுகள் இதில் சேராது. நிபந்தனையைத் தாண்டி ஏற்ற வழிகள் இருக்கின்றன, ஆனால் பேங்க் வேலையும் ஜிஎஸ்டி தாக்கலும் நடக்கும் கம்ப்யூட்டரில் அப்படிச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் இணையம் பார்க்க, பிள்ளைகள் படிக்க என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நன்றாக ஓடும். எதுவானாலும் எஸ்எஸ்டிக்குக் கொடுத்த காசு வீண் போகாது, புது போர்டு வாங்கும்போது அதையே அதில் மாட்டலாம்.

இன்னொரு சந்தேகம் அடிக்கடி வரும்: டிஸ்க்கை மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா? விண்டோஸ் 10, 11இன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது. அதே எடிஷனை ஏற்றினால், இணையம் கிடைத்தவுடன் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

தொடுவதற்கு முன் முந்தின நாள் வேலை

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முந்தின நாளே இந்த வேலையை முடித்துவிடுங்கள். பிறகு வருத்தப்படுபவர்கள் எல்லோரும் இங்கேதான் கோட்டை விட்டவர்கள்.

முதலில் பழைய டிஸ்க்குகளின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நிறம் காட்டும். நீலம் என்றால் நலம். மஞ்சளாக இருந்தால், ரீஅலோகேட்டட், பென்டிங் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இல்லாத எண் இருந்தால் அந்த டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. வேறு எதையும் தொடாமல் முதலில் அதிலிருக்கும் முக்கியமானவற்றை வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள்.

அடுத்து, சி டிரைவில் ஒளிந்திருக்கும் பொருள்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாகுமென்ட்ஸ் மூன்றும் சி டிரைவில்தான் இருக்கின்றன. பலர் டெஸ்க்டாப்பை டிரைவே அல்லாத தனி இடம் என்று நினைக்கிறார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் மெயில் ஃபைல் ஆகியவையும் அங்கேதான்.

டாலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள், கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், பேக்கப் எடுங்கள். பழைய விண்டோஸ் ஓடும்போதே லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, புது விண்டோஸில் திரும்ப ஆக்டிவேட் செய்துகொள்ளுங்கள். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துகிறவர்கள் அதன் டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் அடிக்கிறீர்களா? பில் தாளுக்கென்று தனி அளவு உண்டாக்கி வைத்திருப்பீர்கள். அது பிரிண்டருக்குள் இல்லை, விண்டோஸுக்குள் இருக்கிறது. பிரின்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ் திறந்து அந்த அளவை ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்ட கடையில், பில்லின் கடைசி இரண்டு வரி அடுத்த தாளில் விழுவதைச் சரிசெய்ய ஒரு பகல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

டிடிபி வேலை செய்பவர்களுக்கு ஃபான்ட். கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் இன்னும் பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்களில்தான் பல இடங்களில் ஓடுகின்றன. பத்து வருடமாகச் சேர்த்தவை எல்லாம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். அதை அப்படியே காப்பி செய்து வைக்காவிட்டால், பழைய பத்திரிகை ஃபைலைத் திறக்கும்போது புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும்.

அப்புறம் கரன்ட். பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். யூபிஎஸ் பேட்டரி பத்து நிமிடமாவது தாங்க வேண்டும். விண்டோஸ் ஏற்றும்போது கரன்ட் போனால் திரும்ப ஏற்றினால் சரி. குளோன் (பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்வது) செய்யும்போதோ, பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) மாற்றும்போதோ போனால் பழைய டிஸ்க்கே சிக்கலில் மாட்டும்.

பெட்டிக்குள்

பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பிடுங்கிய பின் பவர் பட்டனை ஒரு முறை அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடியும். உள்ளே கை வைப்பதற்கு முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள். உடம்பில் தேங்கிய மின்னூட்டம் அதில் இறங்கிவிடும்.

நம் ஊர்க் கம்ப்யூட்டர்களைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பஞ்சு. அண்ணன் யூனிட்டில் அது சாம்பல் நிறப் போர்வை மாதிரி சிபியு ஃபேனுக்கும் அதன் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே படிந்திருந்தது. விரலால் நெம்பினால் ஒரே துண்டாக உரிந்து வந்தது, வட்ட வடிவம் கூடக் கலையாமல். பனியன் கம்பெனியானாலும் சோமனூர்த் தறிக் கூடமானாலும் இதே கதை. எஸ்எஸ்டி போட வந்த நாளில் இதையும் சுத்தம் செய்யாமல் மூடாதீர்கள். பெயின்ட் பிரஷ்ஷால் தளர்த்திவிட்டு ஊதுங்கள். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெடும்.

சாட்டா எஸ்எஸ்டி என்றால் பிராக்கெட்டில் நான்கு ஸ்க்ரூ, டேட்டா கேபிள் ஒன்று, பவர் கேபிள் ஒன்று. இரண்டு முனையிலும் எல் வடிவப் பள்ளம் இருக்கும், திருப்பி மாட்ட முடியாது. போகவில்லை என்றால் அழுத்தாமல் திருப்பிப் பாருங்கள். எம்.2 பட்டை என்றால் 30 டிகிரி சாய்வில் செருகி, மெல்ல அழுத்திப் படுக்கவைத்து, கடைசியில் அந்தச் சின்ன ஸ்க்ரூவை முடுக்குங்கள். விரல் நுனியின் பலம் போதும்.

இப்போது பழைய ஹார்ட் டிஸ்க்குகள் ஒவ்வொன்றின் டேட்டா கேபிளையும் பிடுங்குங்கள். எது எந்த போர்ட்டில் இருந்தது என்று முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குளோன் செய்யப் போகிறவர்கள் மட்டும் இப்போது பிடுங்க வேண்டாம், உங்களுக்கு அது வேறு இடத்தில் வருகிறது.

புதிதாக ஏற்றுவதா, குளோனா

விண்டோஸ் ஏற்றி மூன்று வருடம் தாண்டியிருந்தால் புதிதாக ஏற்றுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். சேர்ந்த குப்பையையும் சேர்த்து எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஆனால் எம்பிராய்டரி டிசைன் மென்பொருள், பத்து வருடம் முன்னால் யாரோ எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் என்று, சிடியும் காணோம், கொடுத்தவரையும் காணோம் என்ற நிலை இருந்தால் குளோன்தான் வழி.

புதிதாக ஏற்றுவது இப்படி. வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவைத் தயார் செய்யுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும். அதைச் செருகி ஆன் செய்து பூட் மெனுவை அழைக்கவும்: டெல், லெனோவோ, கிகாபைட் என்றால் எஃப்12, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் என்றால் எஃப்11, ஆசஸ் போர்டில் எஃப்8, எச்பியில் எஃப்9. பென்டிரைவின் பெயர் இரண்டு முறை வந்தால், முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டதைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்கு முன் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் போர்டின் அமைப்புத் திரை) ஒரு முறை போய் சாட்டா மோட் ஏஎச்சிஐ என்ற புதிய முறையில் இருக்கிறதா பாருங்கள். பழைய போர்டுகளில் ஐடிஇ என்ற பழைய முறையில் கிடக்கும். புதிதாக ஏற்றுகிறவர்கள் தயங்காமல் ஏஎச்சிஐக்கு மாற்றலாம்.

விண்டோஸை எங்கே ஏற்ற வேண்டும் என்று கேட்கும் திரையில் உங்கள் எஸ்எஸ்டி மட்டும், ஒதுக்கப்படாத காலி இடமாகத் தெரிய வேண்டும். வேறு எதுவும் தெரிந்தால் நிறுத்திவிட்டு, எந்த கேபிள் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். எதையும் பிரிக்காமல் அந்தக் காலி இடத்தையே தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள். தேவையான சின்ன பார்ட்டிஷன்களை விண்டோஸ் தானே போட்டுக்கொள்ளும். புதிய லேப்டாப்களில் எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால், பயாஸில் விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்கும். அதற்கான இன்டெல் டிரைவரைக் கொடுக்க வேண்டும், அல்லது விஎம்டியை அணைக்க வேண்டும்.

குளோன் செய்பவர்கள் முதலில் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து ஒன்றைப் பாருங்கள். அதில் பார்ட்டிஷன்களுக்கு அடைப்புக்குள் சிஸ்டம், பூட் என்று பெயர் போட்டிருக்கும். பெயர்கள் நாம் நினைப்பதற்கு நேர்மாறு: பூட் என்றிருப்பது விண்டோஸ் இருக்கும் இடம், சிஸ்டம் என்றிருப்பதுதான் பூட் லோடர் இருக்கும் இடம். இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் குளோன் சுலபம். வேறு வேறு டிஸ்க்கில் இருந்தால் குளோன் செய்த எஸ்எஸ்டி தனியாக எழாது, புதிதாக ஏற்றுவதே மேல்.

ஒரே டிஸ்க்கில்தான் என்றால், எஸ்எஸ்டி கம்பெனி இலவசமாகத் தரும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். சாம்சங்குக்குச் சொந்த மென்பொருள் உண்டு, குரூஷியலும் டபிள்யூடியும் அக்ரோனிஸ் என்ற குளோன் மென்பொருளைத் தருகின்றன. சி டிரைவை மட்டும் காப்பி செய்யாமல், அந்த டிஸ்க்கில் சிஸ்டம் என்று குறித்த சின்ன பார்ட்டிஷனையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயன்படுத்திய இடம் எஸ்எஸ்டியின் கொள்ளளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அதனால் போட்டோக்களை முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

குளோன் முடிந்ததும் ஷட் டவுன் செய்து, பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கி, எஸ்எஸ்டியில் மட்டும் முதல் முறை ஆன் செய்யுங்கள். இரண்டையும் சேர்த்து ஆன் செய்தால் ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்க் இருக்கும்; விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும், அல்லது பழையதிலிருந்தே எழும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஐடிஇ மோடில் ஏற்றிய பழைய விண்டோஸைக் குளோன் செய்தவர்கள் பயாஸை நேராக ஏஎச்சிஐக்கு மாற்றினால் நீலத் திரை வரும். முதலில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் என்ற பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து டிரைவரை மாற்றிக்கொள்ளும். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

பழைய டிஸ்க்குகளைத் திரும்ப மாட்டுவது

எஸ்எஸ்டி தனியாக இரண்டு மூன்று முறை எழுந்துவிட்டதா? இனி ஷட் டவுன் செய்து, பவரைப் பிடுங்கி, ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டுங்கள். ஆன் செய்ததும் நேராக பயாஸுக்குப் போய் பூட் வரிசையில் எஸ்எஸ்டியை, அல்லது எஸ்எஸ்டியின் பெயரோடு இருக்கும் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வையுங்கள்.

விண்டோஸுக்குள் பழைய டிரைவ் தெரியவில்லை என்றால் பதறாதீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அது எழுத்து இல்லாமல் நிற்கும். வலது கிளிக் செய்து எழுத்தைக் கொடுங்கள். ஆஃப்லைன் என்றிருந்தால் ஆன்லைன் கொடுங்கள். முன்பு டி டிரைவாக இருந்ததை இப்போதும் டி ஆகவே வையுங்கள், டாலியும் பழைய ஷார்ட்கட்களும் தேடும் பாதை மாறாமல் இருக்கும். டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா என்றோ, ஃபார்மட் செய்யவா என்றோ கேட்டால் கேன்சல் மட்டும்தான். தரவு உள்ள டிஸ்க்குக்கு அந்தக் கேள்வி வருகிறது என்றால் கேபிளோ டிஸ்க்கோ கோளாறு, ஓகே கொடுத்து அதைத் தீர்க்க முடியாது.

டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற, ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் லொக்கேஷன் என்ற பக்கம் இருக்கிறது. மாற்றும் முன் டி டிரைவில் அதற்கென்று ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். நேராக டி டிரைவையே காட்டினால் முழு டிரைவும் டாகுமென்ட்ஸாக மாறிவிடும், திரும்ப எடுப்பது பெரும்பாடு. ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள், வேகத்துக்காகப் போட்ட எஸ்எஸ்டியைப் பாதி வீணாக்கும் வேலை அது. சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக் பற்றியும் கவலை வேண்டாம். விண்டோஸே எஸ்எஸ்டி என்று அடையாளம் கண்டு டிரிம் (அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) மட்டும் செய்துகொள்ளும்.

பழைய டிஸ்க்கில் இருக்கும் பழைய விண்டோஸை அன்றே அழிக்காதீர்கள். மூன்று வாரம் விடுங்கள். அதற்குள் யாராவது ஒருவர் "அந்த ஃபைல் எங்கீங்க?" என்று கட்டாயம் கேட்பார். பழைய யூசர் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொன்னால் கன்டினியூ கொடுத்துக் காத்திருங்கள், ஃபைல் அதிகமென்றால் சில நிமிடம் எடுக்கும். மூன்று வாரம் கழித்து அந்த பார்ட்டிஷனை ஃபார்மட் செய்து பேக்கப் இடமாக்கிவிடலாம்.

ஏனென்றால் எஸ்எஸ்டி போகும்போது ஹார்ட் டிஸ்க் மாதிரி சத்தம் போட்டு எச்சரிக்காது. ஒரு நாள் கம்ப்யூட்டரில் தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான். அதிலிருந்து தரவை மீட்பதும் கடினம். அண்ணன் யூனிட்டில் செத்த 500 ஜிபியை எடுத்துவிட்டு, மிச்சமிருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் டாலி டேட்டா தானாகக் காப்பி ஆகும்படி ஃப்ரீஃபைல்சிங்க்கையும் டாஸ்க் ஷெட்யூலரையும் சேர்த்து வைத்திருக்கிறேன். டாலி திறந்திருக்கும்போது காப்பி எடுத்தால் டேட்டா அரைகுறையாக வரக்கூடும். அதனால் நேரத்தை அவரிடமே கேட்டேன். சனிக்கிழமை சம்பளம் போட்டு, டாலியை மூடிவிட்டு டீக்கடைக்குப் போகும் நேரத்தைச் சொன்னார். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் இரவு எட்டு மணிக்கு அது ஓடுகிறது. மாதம் ஒரு முறை அதையே வெளி டிஸ்க்கில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கிறார்.